இடைவெளி என்னும் விதி: சில்லும் மலையும்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்கிற முறையில் அந்தப் பலகைகளைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வது என் வழக்கம். போனமுறை கூட வந்த என் சித்தப்பா மகன் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெங்களூரில் சில்லு வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். ‘நேரா ஏற முடியாததாலதான இந்த வளைவு, அண்ணே. சரிவு இவ்வளவுக்கு மேல போகக் கூடாது, திருப்பம் இவ்வளவுக்குக் கீழ சுருங்கக் கூடாது, மண்ணு சரியிற பக்கம் போகவே கூடாது. அதுக்குள்ள பாதை கண்டுபிடிக்கணும். நான் ஆபீஸ்ல நாள் பூரா பாக்குறது இதைத்தான்’ என்றான். எனக்குப் பூ தெரிந்த இடத்தில் அவனுக்கு விதி தெரிந்திருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கான உந்துதல் அந்தப் பேச்சுதான். அதைவிடப் பெரிய உந்துதல் ஒரு கூச்சம். விஞ்ஞானம் என்பது ஒரு அதிகாரச் சொல்லாடல் என்று நாம் எழுதிக் குவித்தாகிவிட்டது. பூக்கோவை மேற்கோள் காட்டாத கட்டுரை இல்லை. ஆனால் அந்தச் சொல்லாடலின் உள்ளே விதி என்று ஒன்று எப்படி உருவாகிறது, யார் எழுதுகிறார்கள், யார் மீறுகிறார்கள், மீறினால் யார் தலையில் விடிகிறது என்பதை ஒரே ஒரு உதாரணத்திலாவது முழுக்கப் பார்த்தோமா? பார்க்கவில்லை. நியூட்ரினோ ஆய்வகம் தேனி மாவட்டத்தில் பொட்டிபுரத்துக்கு வருகிறது என்று சர்ச்சை வெடித்தபோது நாம் பேசியதில் பாதி, இந்தப் பார்க்காமையின் விளைவு.

முதலில் சில்லு. சிலிக்கன் தகட்டின்மேல் அடுக்கடுக்காகப் படலம் படியவைத்து, ஒளியால் அச்சிட்டு, வேண்டாததை அரித்தெடுத்துச் செய்யப்படுவது அது. கீழே டிரான்சிஸ்டர்கள், மேலே அவற்றை இணைக்கும் உலோகக் கம்பித் தடங்கள், மாடி மாடியாக. ஒரு மாடியில் கம்பிகள் கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்த மாடியில் வடக்கு தெற்காக ஓடும். மாடிவிட்டு மாடி இறங்கச் சிறு துளைகள். இந்தக் கம்பிகளுக்கு வழி கண்டுபிடிப்பதைத்தான் ரூட்டிங் என்கிறார்கள். நம் பக்கத்துப் பாஷையில் வாய்க்கால் எடுப்பது.

வழி எடுக்கும்போது மீறக் கூடாதவை சில. கம்பி ஒரு அளவுக்கு மேல் மெலியக் கூடாது, மெலிந்தால் அறும். இரண்டு கம்பிகள் ஒரு அளவுக்கு மேல் நெருங்கக் கூடாது, நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். துளையைச் சுற்றி உலோகம் இத்தனை அளவு கரை விட்டிருக்க வேண்டும். அச்சு கொஞ்சம் விலகிப்போனாலும் துளை காற்றில் தொங்கக் கூடாது அல்லவா? அகலம், இடைவெளி, கரை. வடிவமைப்பு விதிகள் என்கிற பெரிய கட்டடத்தின் அஸ்திவாரம் இந்த மூன்றுதான்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அந்நியமில்லை. மெய்ம்மயக்கம் என்று நன்னூல் பேசுவது எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்பதைத்தானே? க, ச, த, ப நான்கும் தம்மோடு தாம் மட்டுமே சேரும். ர, ழ இரண்டும் தம்மோடு தாம் சேரவே சேராது. இது ஒரு அண்மை விதி. ஆனால் ‘பக்தி’ என்ற சொல் இந்த விதியை மீறிக்கொண்டு நம்மிடையே சௌக்கியமாக இருக்கிறது. ‘பத்தி’ என்று திருத்தி எழுதியவர்களும் உண்டு, எழுதாதவர்களும் உண்டு. வாய் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சில்லில் அப்படியில்லை. அங்கே விதியை மீறினால் பொருள் பழிவாங்கும். ஒவ்வொரு முறையும் பழிவாங்கும் என்பதில்லை; நூற்றில் இத்தனை என்று பழிவாங்கும். விதி என்பது அங்கே ஒரு உண்மைக் கூற்று அல்ல. ‘இந்த இடைவெளியை நீ விட்டால் நான் தரும் தகடுகளில் போதுமானவை வேலை செய்யும்’ என்று ஆலை வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் வாக்கு. ஒப்பந்தம். இதை மனதில் வைத்துக்கொள்வோம். மலைக்குப் போகும்போது தேவைப்படும்.

1970களின் பாதிவரை இந்த ஒப்பந்தம் வெளியாருக்குத் தெரியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆலைக்கான விதிகளைத் தானே வைத்திருந்தது. ஆலை மாறினால் விதி மாறும். இதை உடைத்தவர்கள் கார்வர் மீடும் லின் கான்வேயும். எல்லா விதிகளையும் மைக்ரானில் சொல்லாமல் லாம்டா என்ற ஒரே அலகின் மடங்குகளாகச் சொன்னார்கள். உலோகக் கம்பியின் அகலம் 3 லாம்டா, இடைவெளி 3 லாம்டா. பாலிசிலிக்கன் கம்பிக்கு 2, 2. ஆலை முன்னேறினால் லாம்டாவின் மதிப்பு மட்டும் குறையும்; விதிகள் அப்படியே நிற்கும். புத்தகத்தின் சில பக்கங்களுக்குள் அடங்கிவிட்ட இந்த விதிகளை ஒரு மாணவன் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். 1979இல் 12 பல்கலைக்கழகங்களிலிருந்து 82 வடிவமைப்புகள் ஆர்ப்பாநெட் வலையின் வழியே வந்து சேர்ந்தன. ஒரு மாதத்துக்குள் சில்லுகளாகச் செய்து கொடுக்கப்பட்டன. ஆலையின் வாசல் மிதிக்காதவர்கள் சில்லு செய்தார்கள். தளர்வான விதிகள், இடத்தை வீணாக்குகின்றன என்று தொழில்காரர்கள் முகம் சுளித்ததும் உண்மை. எளிமைக்கு விலை இல்லாமல் இருக்குமா?

(கான்வேயைப் பற்றி ஒரு வார்த்தை. பால் மாற்றத்துக்கு முனைந்ததற்காக 1968இல் ஐபிஎம் அவரை வேலையை விட்டு அனுப்பியது. முந்தைய வாழ்க்கையை மறைத்துக்கொண்டுதான் அவர் இந்த வேலைகளையெல்லாம் செய்தார். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020இல். 2024இல் மறைந்தார். விதிகளை எல்லோருக்கும் பொதுவாக எழுதியவர், விதி என்ற பெயரால் வெளியே தள்ளப்பட்ட ஒருவர் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.)

அந்தத் திறப்பு வெகுநாள் நீடிக்கவில்லை. கோடுகள் மெலிய மெலிய விதிகள் பெருகி, டஜன் கணக்கில் இருந்தவை ஆயிரக்கணக்கில் ஆயின. விதித் தொகுப்பு மறுபடியும் ரகசியமாயிற்று. கையெழுத்துப் போட்டால்தான் பார்க்கலாம், பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. சட்டம் தெரியாது என்பது தப்பிக்கும் காரணமாகாது என்பார்கள். இங்கே சட்டத்தைத் தெரிந்துகொள்ளவே அனுமதி வேண்டும். 2020இல் ஸ்கைவாட்டர் என்ற அமெரிக்க ஆலையின் 130 நானோமீட்டர் விதிகளைக் கூகுள் பணம் போட்டு எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு சன்னல் திறந்த மாதிரி. நம் நாட்டில் மொகாலி ஆலை 1984இல் 5 மைக்ரானில் உற்பத்தி தொடங்கி, 1989 தீ விபத்தில் எரிந்து, மீண்டெழுந்து, இப்போது 180 நானோமீட்டரில் நிற்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி சில்லுகளில் ஒன்று 2018இல் இந்த மொகாலியில் செய்யப்பட்டது. அதே வருஷம் இன்னொன்று அமெரிக்காவில் இன்டெலின் 22 நானோமீட்டரில். பிரதி ஒரே குடும்பம், இலக்கணம் இரண்டு. தர்க்கத்தை எழுதியவர்கள் வரி மாற்றாவிட்டாலும் கம்பித் தடத்தை முழுக்க வேறாக எடுத்தாக வேண்டும். ஆசிரியன் இறந்துவிட்டான் என்பதை இதைவிட நன்றாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

மென்பொருள் இந்த விதிகளை எப்படிக் கையாள்கிறது? மூன்று வழிகள் உண்டு. மூன்றும் மூன்று விதமான அரசியல் என்று படுகிறது.

ஒன்று, மீற முடியாதபடி நிலத்தையே கட்டம் போட்டுவிடுவது. கம்பியின் அகலத்தையும் இடைவெளியையும் கூட்டி அந்த அளவுக்குக் கட்டங்கள் வகுத்துவிட்டால், கட்டக்கோட்டில் ஓடும் எந்தக் கம்பியும் தானாகவே விதிக்குள் இருக்கும். மீறலுக்கு இடமே இல்லை. விதி வரைபடத்துக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 1961இல் லீ என்பவர் எழுதிய முறை இந்தக் கட்டத்தின் மேல்தான் வேலை செய்கிறது. புறப்படும் இடத்திலிருந்து ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று எண் போட்டுக்கொண்டே அலை பரவும், மடை திறந்தால் தண்ணீர் பரவுகிற மாதிரி. சேருமிடத்தைத் தொட்டதும் எண்களைப் பின்னோக்கிப் பிடித்து வந்தால் வழி கிடைத்துவிடும். வழி இருந்தால் மிகக் குறுகியதைத் தவறாமல் காட்டும். குறை என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒரு கம்பி. முதலில் வந்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வான். கடைசியில் வந்தவனுக்கு வழியே இல்லை. அவனுக்காக முன்னவனைப் பிய்த்தெடுத்து வேறு வழி போடணும்.

இரண்டாவது, கண்காணிப்பு. எண்பதுகளின் முன்பாதியில் பெர்க்லியில் எழுதப்பட்ட மேஜிக் என்ற மென்பொருள், நீங்கள் வரைய வரையப் பின்னாலேயே விதிகளைச் சரிபார்த்து, மீறிய இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் வைக்கும். முன்பெல்லாம் வரைந்து முடித்து, இரவு முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் காலையில் பிழைப் பட்டியல் பார்ப்பார்கள். இப்போது வாத்தியார் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். பூக்கோவின் வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். விதியை விலையாக மாற்றுவது. 1995இல் மெக்மர்ச்சி, எபலிங் இருவரும் பாத்ஃபைண்டர் என்ற முறையை முன்வைத்தார்கள். எல்லாக் கம்பிகளும் முதலில் தங்கள் இஷ்டத்துக்குக் குறுக்குவழியில் போகட்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும், பரவாயில்லை. பிறகு நெரிசலான இடத்தின் விலையைச் சுற்றுக்குச் சுற்று ஏற்று. வேறு வழி உள்ளவன் விலை கட்டாமல் விலகிப்போவான். வேறு வழியே இல்லாதவன் விலை கொடுத்து நிற்பான். சண்டை தானாகத் தீரும். அழகான யோசனை. தடை, சிறிது காலத்துக்கு, பேரமாகிறது. ஆனால் ஒன்று. பேரம் முடிந்து இறுதிப் பரிசோதனைக்குப் போகும்போது விலைப் பட்டியலை யாரும் கேட்பதில்லை. ஒரு கம்பியின்மேல் இன்னொன்று ஏறியிருந்தால் ஏறியதுதான். மீறல் பூஜ்யமாக வேண்டும். பேரம் தேடலுக்கு மட்டும், தீர்ப்புக்கு அல்ல.

இனி மலைக்கு வரலாம்.

நியூட்ரினோவைப் பிடிக்க, மற்ற துகள்களைத் தடுக்கும் பாறைக் கூரை வேண்டும். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்டவர்களில் இந்தியர்களும் உண்டு. அந்தச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வேறு இடம் தேடினார்கள். முதலில் நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகம் ஒட்டியது என்று 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. மாற்றாகச் சொல்லப்பட்டது சுருளியாறு, அதாவது மேகமலையின் அடிவாரம். அடர்ந்த காடு என்று அதுவும் கைவிடப்பட்டது. மூன்றாவதாகப் போடி மேற்கு மலை, பொட்டிபுரம். லீயின் அலை போலத்தான்: தடை, திரும்பு, தடை, திரும்பு. மலைக்குள் 1.9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் குகை, குகைக்குள் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

அந்தக் கருவியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு சில்லைக் கோடி மடங்கு பெருக்கின மாதிரி இருக்கிறது. 5.6 சென்டிமீட்டர் தடித்த இரும்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே 4 சென்டிமீட்டர் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் கண்ணாடி உணரிகள். உணரியின் ஒரு பக்கம் கிழக்கு மேற்காக 64 பட்டைகள், மறுபக்கம் வடக்கு தெற்காக 64. உணரிகள் 28,800. பட்டைக்கு ஒரு வாய்க்கால் என்றால் 36 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு வாய்க்காலின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கிப் பதிவு செய்ய ஒரு சில்லு வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அதற்கென்றே அனுஸ்பர்ஷ் என்று 8 வாய்க்கால் சில்லு ஒன்றை 0.35 மைக்ரான் முறையில் வடிவமைத்தார்கள். அப்படிப் பார்த்தால் மலைக்குள் நாலரை லட்சத்துக்கு மேல் சில்லுகள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஆலையின் இடைவெளி விதிக்குக் கட்டுப்பட்டது. ஒரு மைக்ரானில் நூற்றில் ஒரு பங்குகூட விட்டுக்கொடுக்காமல்.

இதே திட்டத்துக்கு வெளியே இன்னொரு இடைவெளி விதி காத்திருந்தது. மாநில எல்லையிலிருந்தோ காக்கப்பட்ட வனத்திலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் வரும் திட்டங்களை மத்திய அரசு மட்டத்தில், கூடுதல் கண்டிப்போடு பரிசீலிக்க வேண்டும். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பொட்டிபுரம் திட்டத்திலிருந்து 4.9 கிலோமீட்டர். சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்த சாலிம் அலி மையத்துக்கு அந்த வகைத் திட்டங்களுக்கான அங்கீகாரம் கிடையாது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அனுமதியை நிறுத்திவைத்தது. அப்போது படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். ‘நூறு மீட்டர் வித்தியாசத்துக்கா உலகத்தரமான ஆய்வகத்தை நிறுத்துவது?’ என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ‘நூத்துக்கு ரெண்டு குறைஞ்சா எங்க ஆபீஸ்லயும் சில்லு வெளிய போகாதுண்ணே. மீறல் மீறல்தான். வேணும்னா விலக்கு கேட்டு எழுதலாம்.’

விலக்கு. சில்லுத் தொழிலிலும் அது உண்டு. ‘இந்த இடத்தில் இந்த விதியை மீறுகிறேன், காரணம் இது, விளைவை நான் ஏற்கிறேன்’ என்று வடிவமைப்பாளர் எழுதுவார். ஆலை ஆராய்ந்து ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளும். தகடு கெட்டால் நஷ்டம் கேட்டவருக்கு. அதனாலேயே லேசில் யாரும் கேட்பதில்லை. மலையிலும் விலக்கு வந்தது. 2018 மார்ச்சில் இத்திட்டத்தைச் ‘சிறப்பு நேர்வாக’ எடுத்துக்கொண்டு அனுமதி தரப்பட்டது. கேட்டது விஞ்ஞான நிறுவனம், தந்தது அமைச்சகம். நஷ்டம் என்று ஒன்று வந்தால் அது பொட்டிபுரம் மேய்ச்சல்காரருக்கும் மலையிலிருந்து கசிந்து வரும் ஓடைக்கும் யானைக்கும். கேட்டவரும் தந்தவரும் ஏற்காத நஷ்டத்துக்கு எழுதப்படும் தாளை விலக்கு என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில்தான் இரண்டு விதி உலகங்களும் பிரிகின்றன என்று நினைக்கிறேன். ஒன்று கறார், மற்றது சளசளப்பு என்பதால் அல்ல. ஒப்பந்தத்தின் தரப்பாராக யாரெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால்.

விலையாக மாற்றுவதும் மலையில் நடக்கிறது. 2002இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர் அதன் ‘நிகர இன்றைய மதிப்பை’ப் பணமாகக் கட்ட வேண்டும். பாத்ஃபைண்டரின் முதல் பாதி அப்படியே இருக்கிறது. இரண்டாம் பாதி, அதாவது பேரம் முடிந்தபின் வரும் இறுதிப் பரிசோதனை, காணோம். பணம் கட்டினால் மீறல் தீர்ந்தது.

நம் தரப்பின் தப்பையும் சொல்லியாக வேண்டும். நியூட்ரினோ கதிர்வீச்சு, அணுக்கழிவு என்றெல்லாம் மேடையில் பேசினோம். பொய். நியூட்ரினோ சூரியனிலிருந்தும் வானத்திலிருந்தும் இந்த வரியைப் படிக்கிற உங்கள் கட்டைவிரல் வழியாகவும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் கருவி எதையும் உமிழாது, காத்திருந்து பார்க்கும், அவ்வளவே. விஞ்ஞானிகள் இதைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னது சரி. ஆனால் அவர்கள் பதில் சொன்னது கட்டி முடித்த ஆய்வகத்தைப் பற்றி.

சில்லு விதிகளில் ஆன்டெனா விதி என்று ஒன்று. டிரான்சிஸ்டரின் வாயிலுக்கடியில் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் இருக்கும். செய்து முடித்த சில்லில் வாயிலோடு சேர்ந்த நீண்ட கம்பியால் எந்த ஆபத்தும் இல்லை. அதன் மறுமுனை வேறொரு டிரான்சிஸ்டரோடு சேர்ந்திருக்கும், மின்னேற்றம் வடிந்துவிடும். ஆனால் செய்துகொண்டிருக்கும்போது, மேல்மாடி இன்னும் போடப்படாத நேரத்தில், அந்த மறுமுனை அந்தரத்தில் நிற்கும். பிளாஸ்மாவால் உலோகத்தை அரிக்கும்போது கம்பி மின்னேற்றத்தைச் சேர்த்துச் சேர்த்து வாயிலின் படலத்தைத் துளைத்துவிடும். ஆகவே வாயிலோடு சேர்ந்த கம்பி இத்தனை நீளத்துக்கு மேல் ஒரே மாடியில் ஓடக் கூடாது. வாயிலுக்குப் பக்கத்திலேயே வெட்டி மேல்மாடிக்கு ஏற்றி இறக்கு, அல்லது வடிகாலாக ஒரு டயோடு வை. முடிந்த வடிவத்தில் குற்றமே இல்லாத ஒன்று, முடிகிற வழியில் குற்றமாகலாம் என்பதை ஒத்துக்கொண்டு எழுதிய விதி இது. பொட்டிபுரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: வெடி வைக்கும் வருஷங்களில், லாரிகள் பாறையை இறக்கும் வருஷங்களில் என்ன ஆகும்? கேட்டவர்கள் இருந்தார்கள், கதிர்வீச்சுச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. விஞ்ஞானிகளுக்கும் அது வசதியாகப் போயிற்று.

இன்னொரு விதியும் சொல்லத் தோன்றுகிறது. மிக நுண்ணிய கோடுகளை ஒரே அச்சில் எடுக்க முடியாமல் இரண்டு அச்சாகப் பிரிப்பார்கள். நெருங்கிய இரண்டு கோடுகள் ஒரே அச்சில் வரக் கூடாது. மூன்று கோடுகள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிட்டால் இரண்டு அச்சில் பிரிக்கவே முடியாது. எந்த இரண்டை எடுத்துப் பார்த்தாலும் குற்றமில்லை. மூன்றும் சேர்ந்தால் குற்றம். புலித் தடமும் அப்படித்தான். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, 1,016 சதுர கிலோமீட்டர். பெரியாறு ஒரு பக்கம், மதிகெட்டான் இன்னொரு பக்கம். ஒவ்வொரு காட்டையும் தனித்தனியே வைத்து அளந்தால் சுரங்கத்தால் ஒன்றும் ஆகாது. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே விலங்கு போய்வருகிற வழியை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு. 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்யாமல், வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் இந்த மதிகெட்டான்–பெரியாறு வழியைக் காட்டித்தான் திட்டத்தை மறுத்தது. மேகமலைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று 2010 வாக்கில் ஒதுங்கிப்போன திட்டம், மேகமலை காப்பகமான பின் மறுபடியும் அதன் கணக்குக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

மலை குடையப்படவில்லை. மதுரையில் வடபழஞ்சிக்குப் பக்கத்தில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி ஒன்று நிற்கிறது, தலைக்கு மேல் பாறை இல்லாமல், வானத்திலிருந்து விழும் மியூவான்களை எண்ணிக்கொண்டு. 50,000 டன்னில் அது ஒரு துணுக்கு. சித்தப்பா மகனிடம் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறேன். ஒரு சில்லு வெளியே போக வேண்டியிருக்கிறது, இன்னும் 3 மீறல் பாக்கி, முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறான்.